48 பேர், 40 நிமிடம்: ஒன்பதாம் வகுப்பைப் பேசவைப்பது எப்படி?

கேள்வி: கடலூரை அடுத்த கிராமம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை நான். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 48 பிள்ளைகள், ஒரு பெஞ்சுக்கு மூன்று பேர். பேராகிராஃப் கேள்வி கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். "வாட் டிட் யூ டூ எஸ்டர்டே?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். இங்கிலீஷ் பீரியடில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் என்று ஜூலையில் உண்டியல் வைத்தேன். சேர்ந்தது 11 ரூபாய், வகுப்பு ஊமையாகிவிட்டது. இலக்கணத்தை மறுபடியும் முதலிலிருந்து எடுக்கட்டுமா? போர்ஷன் முடியாது என்று தலைமையாசிரியர் கவலைப்படுகிறார். பக்கத்தில்தானே புதுச்சேரி, பீச்சுக்குக் கூட்டிப்போய் வெளிநாட்டுக்காரர்களிடம் பேசவிடுங்கள் என்கிறார் உடன் பணியாற்றும் ஒருவர். எதைச் செய்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் அந்த உண்டியலை எடுத்துவிடுங்கள். 11 ரூபாய்க்கும் கடலைமிட்டாய் வாங்கி வகுப்புக்கே கொடுத்துவிடுங்கள். தமிழ் பேசினால் காசு, ஆங்கிலம் தப்பாகப் பேசினால் சிரிப்பு, பேசாமல் இருந்தால் ஒன்றுமில்லை. இதில் எது லாபம் என்று பிள்ளைகள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இலக்கணத்தை முதலிலிருந்து தொடங்குவதும் வேண்டாம். "வென்ட்" என்ற சொல் அவர்களுக்குத் தெரியும். கோடிட்ட இடத்தில் சரியாகவே எழுதுவார்கள். கேள்வி காதில் விழுந்த இரண்டு மூன்று நொடிக்குள் அது நாக்குக்கு வருவதில்லை, அவ்வளவுதான். அது பேசிப் பேசித்தான் வரும். பேச எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று பாருங்கள். 40 நிமிடத்தையும் நீங்கள் வாயே திறக்காமல் விட்டுக்கொடுத்து, ஒருவர் பின் ஒருவராகப் பேசவைத்தாலும் ஆளுக்கு 50 நொடிதான். வருகைப் பதிவு, வீட்டுப்பாடம், பாடம் எல்லாம் போக, வாரத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் தேறினால் பெரிது. அதே வகுப்பில் 16 பெஞ்சும் ஒரே சமயத்தில் 8 நிமிடம் பேசினால், பெஞ்சில் பேசுகிற இரண்டு பேருக்கும் ஏறக்குறைய நாலு நாலு நிமிடம் கிடைக்கும். கூச்சத்தையும் இலக்கணத்தையும் அப்புறம் கவனிக்கலாம். இந்த நேரக் கணக்கைச் சரிசெய்யாமல் வேறு எது செய்தாலும் நிற்காது.

அடுத்தது, பேசுவதற்குக் காரணம். நேற்று என்ன செய்தாய் என்று டீச்சர் கேட்டால், அதைத் தெரிந்துகொண்டு டீச்சருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். கேட்பது அவன் வாக்கியத்தில் தப்புப் பிடிக்கத்தான். அவனுக்குத் தெரிந்தது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாமல் இருந்து, அது தெரிந்தால்தான் வேலை முடியும் என்ற நிலை வந்தால் பேச்சு தானாக வரும். இதை ஒரே ஒரு பயிற்சியை வைத்து விரிவாகச் சொல்கிறேன். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதை நீங்களே செய்துகொள்வீர்கள்.

கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பாண்டிச்சேரிக்கு ஐந்து பஸ். நேரம் எல்லாம் கற்பனைதான். முதல் பஸ் 6.40-க்குக் கிளம்பி 7.40-க்குப் போகும். இரண்டாவது 7.05, 8.20. மூன்றாவது 7.20, 8.15. நாலாவது 7.30, 8.40. ஐந்தாவது 7.45, 8.35. ஆக மொத்தம் பத்து விவரம். 'அ' அட்டையில் 1, 3, 5 பஸ்களின் கிளம்பும் நேரமும் 2, 4 பஸ்கள் போய்ச் சேரும் நேரமும் மட்டும் இருக்கட்டும்; மற்றக் கட்டங்கள் காலி. 'ஆ' அட்டையில் மிச்ச ஐந்து. மூன்றாவது அட்டையில் பத்தும் இருக்கும். அது அம்பயருக்கு. பெஞ்சுக்கு மூன்று பேர் என்பதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். இரண்டு பேர் பேச, ஒருவர் அம்பயர். நாளைக்கு ஒருவராக மாறிக்கொள்ளட்டும். ஒரு ஏ4 தாளில் நாலு அட்டை எடுக்கலாம், ஆக 48 அட்டைக்கு 12 தாள் ஜெராக்ஸ். எழுதுவதற்குப் பென்சில் கொடுத்தால் அடுத்த வருடமும் அதே அட்டை உதவும்.

அட்டையைக் கொடுக்கும் முன் மூன்று நிமிடம் முழு வகுப்போடும் வேறு இரண்டு பஸ்ஸை வைத்துக் கரும்பலகையில் செய்து காட்டுங்கள். "வாட் டைம் டஸ் பஸ் ஒன் லீவ் கடலூர்?", "வென் டஸ் இட் ரீச் பாண்டிச்சேரி?", "சாரி, சே இட் அகெயின்." இந்த மூன்றும் பலகையில் இருக்கட்டும். என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழிலேயே சொல்லுங்கள். தமிழில் ஒரு நிமிடத்தில் புரிவதை ஆங்கிலத்தில் ஆறு நிமிடம் விளக்கினால், போகிற ஐந்து நிமிடமும் பிள்ளைகள் பேச வேண்டிய நேரம். பெஞ்சு வேலை இரண்டு நிமிடம் ஓடியதும் பலகையில் "லீவ்", "ரீச்" என்ற சொற்களை மட்டும் அழித்துவிடுங்கள். இன்னும் இரண்டு நிமிடம் கழித்து மிச்சத்தையும் அழியுங்கள். பலகையைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லத் தொடங்குவார்கள்.

பத்துக் கட்டமும் நிரம்பியதும் ஒரு கணக்குக் கொடுங்கள்: பாட்டி 9 மணிக்குள் ஜிப்மர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பாண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜிப்மருக்கு அரை மணி, வீட்டிலிருந்து கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எந்த பஸ்ஸைப் பிடித்தால் போதும்? வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? மூன்றாவது பஸ், 7 மணி என்பது விடை. ஐந்தாவது பஸ்ஸில் போனால் 9.05 ஆகிவிடும். "ஒன்லி ஃபைவ் மினிட்ஸ் லேட், மிஸ்!" என்று எங்காவது ஒரு பெஞ்சு வாதாடும். வாதாடவிடுங்கள். "நோ, த டோக்கன் கவுன்டர் வில் குளோஸ்" என்று இன்னொரு பெஞ்சு பதில் சொன்னால் அன்றைக்கு உங்கள் வகுப்பு பேசிவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் கணக்கில் வேண்டுமென்றே ஒரு கண்ணி வைத்திருக்கிறேன். சில பெஞ்சு "பஸ் டூ" என்று விடை சொல்லும். கணக்குத் தெரியாமல் அல்ல. "எயிட் ஃபிஃப்டீன்" என்று சொன்னது "எயிட் ஃபிஃப்டி" என்று காதில் விழுந்திருக்கும். 8.50 என்றால் மூன்றாவது பஸ் தள்ளுபடி, இரண்டாவதுதான் மிச்சம். விடையைப் பார்த்ததுமே கோளாறு எங்கே என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். "ஃபிஃப்டி"யில் அழுத்தம் முன்னால், வால் குட்டை. "ஃபிஃப்டீன்" பின்னால் அழுத்தி, இழுத்து, "ன்" காதில் விழும்படி முடிய வேண்டும். 13, 30, 14, 40 என்று எல்லா ஜோடிக்கும் இதுதான். உச்சரிப்பு வகுப்பு என்று தனியாக அரை மணி நேரம் எடுத்தாலும் பதியாதது, பாட்டி பஸ்ஸைத் தவறவிட்ட இடத்தில் ஒரு நிமிடத்தில் பதியும்.

முதல் நாளே சில தடங்கல்கள் வரும். அட்டையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள்; இரண்டு பேருக்கும் நடுவில் புத்தகப்பையை நிறுத்தச் சொல்லுங்கள், காட்டினால் ஆட்டம் தோற்றது என்று அம்பயர் சொல்லட்டும். "பஸ் மூணு எத்தன மணிடா?" என்று தமிழில் கேட்பார்கள்; கேள்வி வாக்கியம் வாயில் நிற்கவில்லை என்பதற்கு அது அடையாளம், மறுநாள் அந்தக் கேள்வியைப் பத்துத் தரம் எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பழக வேண்டும். தமிழில் பேசிய தடவைகளை அம்பயர் கோடு போட்டு எண்ணலாம், ஆனால் அதற்குத் தண்டனை கிடையாது. போன வாரம் 14 கோடு, இந்த வாரம் 9 என்று அந்தப் பெஞ்சே பார்த்துக்கொண்டால் போதும். சீக்கிரம் முடிக்கிற பெஞ்சுக்குக் கூடுதலாக ஒரு கேள்வி கையில் வைத்திருங்கள், இல்லையென்றால் அங்கிருந்துதான் கலாட்டா ஆரம்பிக்கும். சத்தம் நிச்சயம் வரும். 16 பெஞ்சு ஒன்றாகப் பேசினால் சந்தை மாதிரித்தான் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே, "பத்து மணியிலிருந்து எட்டு நிமிஷம் பொறுத்துக்குங்க சார்" என்று சொல்லிவைத்தால் புகார் வராது.

இது புதிதாகக் கண்டுபிடித்த உத்தி இல்லை. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வி நிபுணர் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் இலக்கணப் பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றில் கணக்குப் போடவைத்தே ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். பெங்களூர்த் திட்டம் என்று உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றும் பேசப்படுகிறது. பெயர்தான் பெங்களூர்; வகுப்புகள் நடந்த ஊர்களில் நம் கடலூரும் ஒன்று. முதலில் ஆசிரியர் முழு வகுப்போடு ஒன்றைச் செய்துகாட்டுவது, பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகளிடம் விடுவது என்ற வரிசை அவருடையது. ஆனால் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிப் பழகுவதை அவர் விரும்பவில்லை. அரைகுறை ஆங்கிலம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி அப்படியே இறுகிவிடும் என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். ஆனாலும் 48 பேர் உள்ள வகுப்பில் பெஞ்சுப் பேச்சை விட்டால் எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தொற்றாமல் இருக்க, ஒவ்வொரு பயிற்சிக்கும் பின் நாலு நிமிடம் திருத்தத்துக்கு ஒதுக்குங்கள்.

திருத்துவதில்தான் பெரும்பாலான வகுப்பு கெட்டுப்போகிறது. பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழக் கூடாது. கையில் ஒரு துண்டுச் சீட்டோடு பெஞ்சு பெஞ்சாகப் போய்க் காதில் விழுகிறதை எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் பலகையில் நாலு வாக்கியம், பெயர் இல்லாமல். இரண்டு சரியானவை, இரண்டு தப்பானவை. எது எது என்று பெஞ்சிலேயே பேசிக் கண்டுபிடிக்கட்டும். சரியான வாக்கியங்களையும் போட்டால்தான் தங்கள் வாக்கியம் பலகையில் வர வேண்டும் என்ற ஆசை வரும்.

எல்லாத் தப்பையும் துரத்தவும் வேண்டாம். "மை ஹெட் இஸ் பெய்னிங்" என்றால் தலைவலி என்று எல்லோருக்கும் புரிகிறது. எழுத்துத் தேர்வுக்குத் திருத்துங்கள், பேச்சில் இப்போதைக்கு விடுங்கள். நம்முடைய "தான்" எல்லாம் "ஒன்லி" ஆகி "ஹி ஒன்லி டோல்ட், மிஸ்" என்று வருவதும் அப்படித்தான். ஆனால் "டிட் யூ வென்ட்?" என்பதை விடாதீர்கள். தமிழில் "போனியா?" என்று கேட்கும்போது கேள்வியோடு சேர்ந்தே இறந்தகாலமும் வினையிலேயே உட்கார்ந்திருக்கிறது. "போனே" என்பதோடு "ஆ" சேர்த்தால் முடிந்தது. அதே பழக்கத்தில்தான் "வென்ட்"டைப் பிள்ளை விடமாட்டேன் என்கிறது. "டிட் வந்து காலத்தை வாங்கிக்கொண்டது, அதனால் வென்ட் பழையபடி கோ ஆகிவிட்டது" என்று ஒரு தரம் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு விளக்கமே கொடுக்காதீர்கள். யாராவது "டிட் யூ வென்ட்" என்றால் "டிட் யூ...?" என்று இழுத்து நிறுத்திக் காத்திருங்கள்.

காத்திருப்பது என்றதும் ஒரு விஷயம். நாம் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறோம்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று தெரிந்தது. மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாதவர்கள் குறைந்தார்கள். அங்கே பிள்ளைகள் தாய்மொழியில் பதில் சொன்னவர்கள். நம் பிள்ளைகள் தமிழில் யோசித்து, சொல் தேடி, பிறகு வாய் திறக்க வேண்டும். ஐந்து நொடியாவது கொடுங்கள். மனதுக்குள் "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு" என்று ஆயிரத்து அஞ்சு வரை எண்ணுங்கள். முதல் இரண்டு நாள் அந்த மௌனம் உங்களைத்தான் நெளியவைக்கும்.

உச்சரிப்பில் வெள்ளைக்காரன் மாதிரிப் பேச வேண்டியதில்லை. கேட்பவருக்குப் புரிய வேண்டும். நம் பிள்ளைகள் பேச்சு புரியாமல் போவதற்கு முக்கியக் காரணங்கள் சிலவே. முதலாவது, மெய்யில் முடிகிற சொல்லுக்கு நாம் ஒட்டவைக்கிற "உ". "புக்கு", "ஸ்டாப்பு", "கேட்டு". தமிழில் வல்லெழுத்தில் சொல் முடியாது, அதனால் நாக்கு தானாக ஓர் உயிரைத் தேடுகிறது. "ப்" என்று உதட்டை மூடியதும் விரலை உதட்டில் வைத்து அப்படியே நிறுத்தப் பழக்குங்கள். இன்னும் சுலபம், பின்னால் உயிரில் தொடங்கும் சொல்லைச் சேர்த்துவிடுவது: "ஸ்டாப் இட்", "டேக் இட்", "புக் ஆன் த டேபிள்". ஒட்டுவதற்கு வேறு உயிர் கிடைத்துவிட்டால் "உ" ஓடிவிடும். முன்னால் ஒட்டுகிற "இ"யும் இப்படித்தான். "இஸ்கூல்", "இஸ்டேஷன்" என்பவர்களைப் பாம்பு மாதிரி "ஸ்ஸ்ஸ்" என்று மூன்று நொடி சீறவிட்டு, அந்த மூச்சிலேயே "கூல்" என்று முடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இறந்தகால வால். "வாக்கிட்", "ஜம்ப்பிட்" என்று ஓர் அசையைக் கூட்டிவிடுகிறார்கள். கைதட்டி எண்ணவையுங்கள். "வாக்" ஒரு தட்டு, அதன் இறந்தகாலம் "வாக்ட்"டும் ஒரே தட்டு. மூலச்சொல் "ட்" ஒலியில் (ஆங்கிலத்தில் t அல்லது d) முடிந்தால் மட்டும் இன்னொரு தட்டு: "வான்ட்", "வான்டட்", "நீட்", "நீடட்". 20 வினையை இப்படித் தட்டிப் பார்த்தால் விதி தானாகப் பிடிபடும்.

மூன்றாவது, "பின்" என்று சொன்னால் குத்தூசியா குப்பைத்தொட்டியா என்ற குழப்பம். நம் "பல்"லின் ப-வில் மூச்சு வெடிப்பதில்லை. குத்தூசியைச் சொல்லும்போது ஆங்கிலத்தில் மூச்சு வெடிக்கும். இரண்டு அங்குல அகலத் தாள் துண்டை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுச் சொல்லட்டும். குத்தூசிக்குத் தாள் ஆட வேண்டும், குப்பைத்தொட்டிக்கு ஆடக் கூடாது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு; பீரியட் முடிந்தும் நிறுத்த மாட்டார்கள்.

இதோடு சேர்ந்த ஒரு கெட்ட பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழில் எழுதிவைத்திருப்பார்கள். புரட்டிப் பாருங்கள். மின்விசிறி, வாணலி, தடை மூன்றுக்குமான ஆங்கிலச் சொல்லுக்கு மேலே ஒரே "பேன்" இருக்கும். தமிழ் எழுத்து தமிழ் ஒலிக்கு ஏற்றபடி அமைந்தது. "ட்" ஒன்றை வைத்து t, d என்ற இரண்டு ஆங்கில ஒலியையும் காட்ட முடியாது. இந்தப் பதிலில் நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், அது படித்துப் புரிந்துகொள்ளப் போதும், ஒலிக்கப் போதாது. அதனால் எழுதாதே என்று திட்டுவதைவிட, புதுச் சொல்லை முதலில் ஐந்தாறு தரம் காதால் கேட்டுச் சொன்ன பிறகே புத்தகத்தைத் திறக்கவைப்பது நல்லது. எழுத வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

கேள்வி பதில் ஓரளவு ஓடத் தொடங்கியதும், மூன்றாவது வாரத்திலிருந்து, தொடர்ந்து பேசப் பழக்குங்கள். ஆசிரியர் பயிற்சியில் 4-3-2 என்று சொல்வார்கள். ஒரே விஷயத்தை மூன்று தரம், மூன்று வெவ்வேறு ஆளிடம், ஒவ்வொரு தரமும் குறைந்த நேரத்தில் சொல்வது. நாலு நிமிடம் நம் ஒன்பதாம் வகுப்புக்கு ஆகாது. 90 நொடி, 60 நொடி, 45 நொடி போதும். பிள்ளைகளை வராந்தாவிலோ வேப்பமரத்தடியிலோ 24 பேர் கொண்ட இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்துங்கள். ஒரு வரிசை பேசும், மற்றது கேட்கும். விசில் ஊதியதும் கேட்கிற வரிசை ஓர் அடி நகர்ந்தால் ஆள் மாறிவிடும். தலைப்பு அவர்கள் கையிலுள்ளதாக இருக்கட்டும்: பலாப்பழம் அறுத்துச் சுளை எடுப்பது, மீன் வலை பின்னுவது, கோயில் திருவிழா அன்று வீட்டில் நடப்பது. தயாரிக்க இரண்டு நிமிடம், தாளில் ஆறு சொல் மட்டும். வாக்கியமாக எழுத விட்டால் படித்துவிடுவார்கள். தலைப்பை நடுவில் மாற்றவே கூடாது. முதல் தரம் என்ன சொல்வது என்று தேடுவதிலேயே மூளை களைத்துவிடும். மூன்றாம் தரம் அது கைவசம் இருப்பதால் சொல்லும் வாக்கியமும் சரளமாக வரும். பத்தாவது நாள் திரும்பவும் அதே தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

எப்போதும் வாய் திறக்காத நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களை மேடைக்கு முன்னால் நிறுத்திப் பேசச் சொல்வது மருந்தே இல்லை. அவர்களுக்குத் தகவல் நிறைந்த அட்டையைக் கொடுங்கள், வாயாடிக்குக் கேள்வி மட்டும் உள்ள அட்டையைக் கொடுங்கள். அந்தப் பிள்ளை "செவன் டுவன்ட்டி" என்று ஒரு சொல் சொன்னாலொழிய வாயாடியால் நகர முடியாது. "ஹவ் டு யூ சே திஸ் இன் இங்கிலீஷ்?", "ஒன் மினிட், மிஸ்", "ஐ டோன்ட் நோ த வேர்ட்" என்ற மூன்றையும் சுவரில் ஒட்டிவைத்து, தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாலும் அது பேச்சுதான் என்று வகுப்புக்குச் சொல்லிவிடுங்கள்.

தலைமையாசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண்ணும் எழுத்தில்தான். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் போய்ச் சேர்ந்துள்ள சி.பி.எஸ்.இ.யிலாவது உள்மதிப்பீட்டில் கேட்டலுக்கும் பேசலுக்கும் ஓர் இடம் உண்டு. உங்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே தனி நேரம் கேட்காதீர்கள், பாடத்துக்குள்ளேயே நுழையுங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒரு பீரியடில் 15 நிமிடம். வழிதெரியாத ஒருவருக்கு வரைபடத்தைப் பார்த்து வழிசொல்லும் கேள்வி பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வருகிறதே, அதை எழுதவைக்கும் முன் பேசவையுங்கள். பிள்ளைகளே தங்கள் ஊர் வரைபடம் போடட்டும். ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, மாரியம்மன் கோயில் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒருவன் வழி சொல்ல, மற்றவன் விரலை நகர்த்த வேண்டும். "டர்ன் லெஃப்ட்" என்று தப்பாகச் சொன்னால் விரல் ஏரிக்குள் போய்விடும். அதேபோல் உரைநடைப் பாடத்தின் பேராகிராஃப் கேள்வியை, நோட்ஸ் கொடுக்கும் முன் ஆறு சொல் வைத்து 60 நொடி சொல்லவைத்தால், பிறகு எழுதும் விடை மனப்பாடமாக இருக்காது. தலைமையாசிரியரிடம் இந்த விடைத்தாள்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பேச்சு வகுப்பைப் பற்றி அவரிடம் தனியாக வாதாட வேண்டியிருக்காது.

மதிப்பிட வேண்டுமானால் நாளுக்கு மூன்று பேர், ஆளுக்கு ஒரு நிமிடம். 16 வேலைநாளில் 48 பேரும் முடிந்துவிடுவார்கள். ஐந்து மதிப்பெண்ணில், சொன்ன விஷயம் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு இரண்டு, நடுவில் நின்றுவிடாமல் தொடர்ந்ததற்கு ஒன்று, திருப்பி ஒரு கேள்வி கேட்டதற்கு ஒன்று, ஒலி புரிந்ததற்கு ஒன்று. முதல் பருவத்தில் இலக்கணத்துக்கு மதிப்பெண் வேண்டாம். வைத்தால் பிள்ளைகள் மறுபடியும் மூன்று சொல் வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்வார்கள்.

புதுச்சேரி கடற்கரை யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே வரும் வெளிநாட்டவர் பலருக்குத் தாய்மொழி பிரெஞ்சு. ஓய்வெடுக்க வந்தவரை 48 பேர் சூழ்ந்து "விச் கன்ட்ரி?" என்று கேட்பது அவருக்கும் தொந்தரவு, பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கியம்தான் மிஞ்சும். அதைவிட, ஆங்கிலத்தில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். செவிலியர், வங்கி ஊழியர், சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் பழைய மாணவி, யாராகவும் இருக்கலாம். நம்மைப்போலத் தமிழ் பேசி வளர்ந்த ஒருவர், நம் ஊர் உச்சரிப்பிலேயே தடங்கலில்லாமல் ஆங்கிலம் பேசுவதைப் பார்ப்பதுதான் பிள்ளைகளுக்குத் தெம்பு. 25 நிமிடம் போதும். முந்தின நாள் பெஞ்சுக்கு இரண்டு கேள்வி தயாரிக்கட்டும், ஆனால் விருந்தினரிடம் முன்கூட்டிக் காட்டாதீர்கள். ஒவ்வொரு பெஞ்சும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். அவர் பதில் சொன்ன பிறகு, அந்தப் பதிலிலிருந்தே இன்னொரு கேள்வி கேட்டால் கூடுதல் மதிப்பெண். விருந்தினரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளை தடுமாறினால் உடனே தமிழுக்கு மாறிவிடாமல், ஆயிரத்து அஞ்சு வரை அவரும் எண்ணட்டும்.